யாருக்கு யார் துணை?

சினிமாக்காரர்களின் அகராதியில் எனக்குப் பிடிக்காத வார்த்தைகள் இரண்டு. ஒன்று 'துணை நடிகர்'. மற்றொன்று 'குணசித்திர நடிகர்'. முதலாவது அவமரியாதை, இரண்டாவது, அந்த அவமரியாதைக்குப் போர்த்திய பொன்னாடை. குணத்தைச் சித்திரித்துக் காட்டுகிறவர் குணசித்திர நடிகர் என்றால், கதாநாயகர் சித்திரித்துக் காட்டுவது எதை? தம் கிராப்பையா?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். காதலனையும் காதலியையும் எழுதுவது சுலபம். நிலவையும் ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டால் அவர்களே பக்கங்களை நிரப்பிவிடுவார்கள். குறுக்கே நிற்கும் தகப்பனை எழுதும்போதுதான் பேனா திணறும். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கவேண்டும். அவன் பொய்யாகிவிட்டால் காதலும் பொய்யாகிவிடும். இந்தப் பாரத்தைத் திரையில் சுமந்தவர்களைத்தான் 'துணை' என்று சொல்லிக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம்.

இந்த அநியாயத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போகலாம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி அது. 1953-இல் ஆந்திரம் தனி ராஜ்யமானபோது தண்ணீரின் பெரும்பகுதி அந்தப் பக்கம் சேர்ந்தது. பழவேற்காடும் அதை ஒட்டிய குப்பங்களும் இந்தப் பக்கம் நின்றன. இறாலுக்கு எல்லைக்கல் தெரியாது. குப்பத்து ஜனங்களின் காதிலும் இரண்டு பாஷையும் விழுந்துகொண்டே இருக்கும். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சினிமாப் பேச்சை எடுத்தேன். 'மாயா பஜார்' படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் பார்த்தவர் அவர்.

"அபிமன்யு அங்க ஒரு ஆளு, இங்க ஒரு ஆளுங்க. சகுனிகூட வேற ஆளு. கடோற்கஜன் மட்டும் ரெண்டுலயும் அவருதான். அவர மாத்த முடியுங்களா?" என்றார்.

இதைவிடச் சுருக்கமான சினிமா விமர்சனத்தை நான் படித்ததில்லை. பெரியவர் சொன்னது அத்தனையும் நிஜம். 1957-இல் விஜயா நிறுவனத்துக்காகக் கே.வி.ரெட்டி டைரக்ட் செய்த படம். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ். தமிழில் ஜெமினி கணேசன். அங்கே சகுனி சி.எஸ்.ஆர்.; இங்கே நம்பியார். கடோற்கஜன் மட்டும் இரண்டிலும் எஸ்.வி.ரங்காராவ். இரண்டு வருஷம் முன்னால், 1955-இல், 'மிஸ்ஸியம்மா'விலும் இதே கதைதான். தெலுங்கில் ராமராவ் கதாநாயகர், தமிழில் ஜெமினி. ஜமீன்தார் மட்டும் இரண்டிலும் ரங்காராவ். சாவித்திரியும் இரண்டு படங்களிலும் மாறவில்லை, 'மாயா பஜா'ரில் கிருஷ்ணனாக வந்த ராமராவும் மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதலனை மாற்றியும் படம் ஓடியது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்திலேயே இன்னொரு வேடிக்கை. கடோற்கஜன் மாயத்தால் கதாநாயகியின் உருவம் எடுக்கிறான். அப்போது சாவித்திரி என்ன செய்கிறார்? ரங்காராவைப்போல நடக்கிறார், ரங்காராவைப்போல உறுமுகிறார். அங்கே யாருக்கு யார் துணை?

மனிதரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1918-இல் நூஜிவீட்டில் பிறந்தவர். தீயணைப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1947-இல் 'வரூதினி' படத்தில் கதாநாயகராகவே தொடங்கினார். படம் விழுந்தது, ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி வேலைக்குப் போனார். திரும்பி வந்து 1951-இல் 'பாதாள பைரவி'யின் மந்திரவாதியானார். அதற்குப் பிறகு தாடி, கிரீடம், கதாயுதம், கைத்தடி. கதாநாயகராக ஓடியாடிய ராமராவைவிட ஐந்தே வயது மூத்தவர். 1960-இல் பீம்சிங்கின் 'படிக்காத மேதை'யில், தம்மைவிடப் பத்து வயதே இளையவரான சிவாஜி கணேசனை எடுத்து வளர்த்த பெரிய மனிதராக வந்தார். செல்வம் போனபின், பெற்ற பிள்ளைகளைவிட உயர்ந்த அந்த வளர்ப்புப் பிள்ளையை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிற இடம் நினைவிருக்கிறதா? தெலுங்கு வாடை வீசும் அந்தத் தமிழில் ஒரு குடும்பமே சாய்வது கேட்கும். எதிரே நிற்பவர் சிவாஜி. அவர் அழுவதற்குக் காரணம் கொடுத்தவர் இவர்.

"போஸ்டரில் யார் முகம் இருந்தால் டிக்கெட் விற்குமோ, அவர்தான் ஐயா பெரியவர், இது வியாபாரம்" என்பார்கள். வியாபாரத்தில் நியாயமே கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? பழவேற்காட்டில் மீன் பிடிப்பதும் வியாபாரம்தான். அங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் அதிகம் விழும் இடத்தை ஒருவனே வளைத்துப் போட்டுக்கொள்ள முடியாது. இன்று உன் முறை, நாளை என் முறை. படிப்பு அதிகமில்லாத குப்பத்து ஜனங்கள் பரம்பரையாகக் காத்துவரும் இந்த நியாயம், லட்சங்களைக் கோடிகளாக்கத் தெரிந்த சினிமா முதலாளிகளுக்குத் தெரியவில்லை. எல்லாக் காட்சியிலும் ஒருவர் பாடே நடக்கிறது.

அதன் பலனை இன்று அனுபவிக்கிறோம். இப்போது வரும் படங்களில் தகப்பனார் எதற்கு இருக்கிறார்? மகன் நடந்து வரும்போது வியந்து பார்ப்பதற்கு. வில்லன் எதற்கு? உதை வாங்குவதற்கு. எதிர்த்து நிற்க ஆளில்லாத கதாநாயகனுக்கு வீரம் எங்கிருந்து வரும்? நடிகர்களில் ஆள் இல்லாமல் போகவில்லை. அவர்களுக்கு எழுதுகிற வழக்கம் போய்விட்டது. இதில் என்னைப் போன்ற கதைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

'நர்த்தனசாலா'வில் கீசகனாக நடித்ததற்காக 1964-இல் ஜாகர்த்தா படவிழாவில் ரங்காராவைச் சிறந்த நடிகர் என்றார்கள். துணை என்ற சொல்லை அவர்கள் முன்னால் ஒட்டவில்லை. 1974-இல், ஐம்பத்தாறு வயதில், அவர் சென்னையில் காலமானார். கதாநாயகருக்குக் கூட்டம் சேரட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. பாஷை மாறும்போது மாற்றிக்கொள்ளக்கூடியவர் யார், மாற்ற முடியாதவர் யார் என்று பார்த்து, 'துணை' என்ற சொல்லை எந்தப் பெயருக்கு முன்னால் போடுவது என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.