வீடியோ யார் வீட்டுல இருக்கு?

ஒரு சின்ன வேலை. நம்ம எல்எம்எஸ்-ல முதல் வருஷ பேப்பர் ஏதாவது ஒண்ணைத் திறந்து, அதுல இருக்கிற வீடியோக்களை வரிசையா கிளிக் பண்ணிப் பாருங்க. நாலஞ்சு ஓடும். அப்புறம் ஒரு கறுப்புக் கட்டம் வரும்: இந்த வீடியோ கிடைக்கவில்லை. எந்தத் தலைப்பு, யார் எடுத்த பாடம், எதுவும் தெரியாது. மேலே 'யூனிட் 3, வீடியோ 2' என்று மட்டும் இருக்கும்.

காரணம் சிம்பிள். எம்பெட் பண்ணும்போது வீடியோ நம்ம பக்கத்துக்கு வர்றதே இல்லை. நாம வைக்கிறது ஐஃப்ரேம் என்கிற ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது யூடியூப் சர்வர். சொந்தக்காரர் வீடியோவை நீக்கினாலோ, பிரைவேட் ஆக்கினாலோ, வெளித்தளங்கள்ல ஓடக்கூடாதுன்னு ஒரு டிக்கை எடுத்துவிட்டாலோ, நம்ம ஜன்னல் இருட்டு. அப்லோட் பண்ணினா ஃபைலே நம்ம சர்வர்ல உட்காரும்.

"பாட வீடியோவை யாருப்பா போய் நீக்கப் போறாங்க?" என்று கேப்பீங்க. பெர்க்லி நீக்குச்சு. அங்க இலவசமா போட்டிருந்த வகுப்புப் பதிவுகள்ல கேப்ஷன் சரியில்லை, காது கேளாதவங்களால பயன்படுத்த முடியலைன்னு புகார் போச்சு. 2016-ல் அமெரிக்க நீதித்துறையும் அதை உறுதி செஞ்சது. (கேட்டவங்க கேட்டது நியாயம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை.) எல்லாத்தையும் சரிபண்றதுக்கு ஆகும் செலவைப் பார்த்த பல்கலைக்கழகம், 2017 மார்ச்ல 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அதையெல்லாம் உலகம் முழுக்க எத்தனை பேர் தங்கள் கோர்ஸ்ல எம்பெட் பண்ணி வெச்சிருந்திருப்பாங்க, யோசிங்க.

இன்னொண்ணு, நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்ம ஆசிரியர்கள் வழக்கமா வீடியோவை 'அன்லிஸ்டெட்'னு போடுவாங்க: லிங்க் இருந்தாதான் பார்க்க முடியும். 2017-க்கு முன்னாடி அப்படிப் போட்ட வீடியோக்களை எல்லாம் 2021 ஜூலை 23-லிருந்து யூடியூப் பிரைவேட் ஆக்கிடுச்சு. பாதுகாப்புக் காரணம். வேண்டாம்னு சொந்தக்காரர் முன்கூட்டியே சொன்னா விட்டுடுவாங்க. சரி, வேலையை விட்டுப் போன ஒரு ஆசிரியரோட பழைய சேனலுக்கு யார் போய்ச் சொல்றது?

அப்போ எல்லாத்தையும் அப்லோட் பண்ணிடலாமான்னா, அங்கயும் கணக்கு இடிக்குது. 50 நிமிஷ கிளாஸ், 2 எம்பிபிஎஸ்-ல பதிவு பண்ணினா 750 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிற ஒருத்தருக்கு ஒரே கிளாஸ்ல பாதி காலி. எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி 60 பேர் ஒரே நேரத்துல பார்த்தா சர்வர் 120 எம்பிபிஎஸ் தள்ளணும். யூடியூப் ஒரே வீடியோவைப் பல சைஸ்ல செஞ்சு வெச்சு, சிக்னல் குறைஞ்சா 144பி-க்குத் தானா இறங்கும். நாம அப்படியே போட்ட எம்பி4 இறங்காது, சுத்திக்கிட்டே இருக்கும். கிராமத்துல இருந்து பஸ்ல வர்ற டே ஸ்காலரைக் கேளுங்க.

போதாக்குறைக்கு, மூடுல் பிஹெச்பி-ல எழுதினது. பிஹெச்பி-யோட டிஃபால்ட் அப்லோட் வரம்பு 2 எம்பி! அட்மின் மாத்தினா மாறிடும்தான். மாத்தலைன்னா, முதல் எரரைப் பார்த்ததுமே ஆசிரியர் யூடியூப் பக்கம் போயிடுவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

என் கட்சி இதுதான். ஓட்டிக் காட்டறதுக்கு எம்பெட் தாராளமா இருக்கட்டும். ஆனா நம்ம ஆசிரியர் எடுத்த பாடம்னா அதோட ஃபைல் கல்லூரிகிட்ட கட்டாயம் இருக்கணும். இதை நான் சும்மா தியரியா சொல்லலை. எங்க துறையில ஒரு சார் லாக்டவுன் சமயத்துல சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் முழுசையும் தமிழும் இங்கிலீஷும் கலந்து எடுத்து, தன் சொந்த சேனல்ல போட்டார். கன்வல்யூஷனை ஒரு பேப்பரைத் திருப்பி, நகர்த்தி நகர்த்திக் காட்டுவார் பாருங்க, அது எந்த டெக்ஸ்ட் புக்லயும் இல்லை. இன்னிக்கும் செகண்ட் இயர் அதை வெச்சுத்தான் பாஸ் பண்ணுது. சார் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறார். எல்எம்எஸ்-ல இருக்கிறது எல்லாமே எம்பெட். கல்லூரி சர்வர்ல ஒரு ஃபைல்கூட இல்லை.

இதை எடுத்து வைக்கிறது பெரிய வேலையும் இல்லை. யூடியூப் ஸ்டூடியோல சொந்தக்காரருக்கு டவுன்லோட் வசதி இருக்கு. போர்டும் எழுத்தும் மட்டும் வர்ற வீடியோதானே, எஃப்எஃப்எம்பெக்ல 400 கேபிபிஎஸ்-க்கு இறக்கினா 750 எம்பி 150 எம்பி ஆயிடும். சர்வர் கேம்பஸுக்குள்ள இருந்தா, நெட் போன ராத்திரியிலயும் ஹாஸ்டல்ல பார்க்கலாம்.

மத்தவங்க வீடியோன்னா கதை வேற. அதை யூடியூப்ல இருந்து இறக்கி நம்ம சர்வர்ல ஏத்தறதுக்கு யூடியூப் விதியும் விடாது, காப்பிரைட்டும் விடாது. என்பிடெல் தன் தளத்துலயே டவுன்லோட் தருது, அது வேற. மத்ததுக்கு எம்பெட்தான் வழி. ஆனா கீழே ஒரு வரி எழுதுங்க: பாடத்தோட முழுத் தலைப்பு, எடுத்தவர் பேர், எத்தனாவது லெக்சர், எந்த நிமிஷத்திலிருந்து பார்க்கணும். பெர்க்லி வீடியோக்களை நீக்கும் முன்னாடியே சிலர் காப்பி எடுத்து வேற இடத்துல போட்டுட்டாங்க. பேர் தெரிஞ்சவங்க தேடிப் பிடிக்கலாம். 'யூனிட் 3, வீடியோ 2'ன்னு எங்க போய்த் தேடறது?

நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். செகண்ட் இயர் மக்களே, நீங்க சார்கிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்கோட போய் நில்லுங்க. சிக்னல்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. காலையில முதல் ஹவருக்கு முன்னாடி போனீங்கன்னா சார் நல்ல மூட்ல இருப்பார்.