அளந்தறிவதே நலம்

திருவனந்தபுரத்தில் பொழுது புலரும் வேளையில், அருங்காட்சியக வளாகத்தில் பலர் நடைப்பயிற்சி மேற்கொள்கின்றனர். அதே வேளையில், சாலை என்னும் பழைய கடைத்தெருவில் வணிகர்கள் கடை திறக்கின்றனர். அங்குத் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தமிழரும் உளர். காலை முதல் இரவு வரை கல்லாவின் முன் அமர்ந்திருப்போர்க்கு நடப்பதற்கு நேரம் வாய்ப்பது அரிது. எடை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறுகிறது. எனினும், 'நோய் ஒன்றும் இல்லை. ஆகவே நலமே' என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது.

நலமுடன் வாழும் பெரியவர்களிடத்தும், எடை கூடக்கூட இரத்த அழுத்தம் கூடும் இயல்பு காணப்படுகிறது. உடலில் சேரும் கொழுப்புத் திசுக்களுக்கும் இரத்தம் தேவை. ஆதலின் இதயம் மிகுதியான இரத்தத்தைச் செலுத்த நேர்கிறது. சிறுநீரகங்களும் உப்பையும் நீரையும் மிகுதியாகத் தேக்கி வைக்கின்றன. இவற்றால் இரத்தக் குழாய்களின் சுவர்மீது அழுத்தம் மிகுகிறது. பெரியவர்களுக்கு 120/80க்குக் கீழ் இருப்பது இயல்பான அளவு. தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. ஆயினும் இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றை அது மெல்லச் சிதைக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உடையோருள் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது, அல்லது அதற்காக மருந்து உண்கின்றனர்.

இதைக் கொண்டு, பருத்த உடலினரை எள்ளி நகையாடுதல் தகாது. மெலிந்தவருக்கும் உயர் இரத்த அழுத்தம் வரலாம். பருத்தவர் சிலருக்கு வராமலும் இருக்கலாம். மரபு, வயது, உப்பு, உறக்கம், புகைப்பழக்கம் ஆகியவற்றிற்கும் இதில் பங்குண்டு. எனவே தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாது, கருவி கொண்டு அளந்தறிவதே முறை.

தீர்வும் எட்டாத தொலைவில் இல்லை. மிகுந்த எடையில் சில கிலோகிராம் குறைந்தாலும் அழுத்தம் தணியும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் அடங்கும். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருந்தின் பெயர் எதனையும் கூறாது, அளவறிந்து உண்பதையே வலியுறுத்தியதும் நினைக்கத்தக்கது.

பிழைப்பின் பொருட்டு ஊர் கடந்து வந்த பெற்றோர், தம் உடலைப் பேணுவதை நாளைக்கு என்று ஒத்திவைப்பது வழக்கம். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, எடையையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் செய்யும் பிள்ளைகள், தம் குடும்பத்திற்குப் பெருந்தொண்டு செய்தவர் ஆவர்.