பிரிந்து போனால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

தமிழ்நாட்டு அரசியலில் 'தனி நாடு' என்ற சொல் சில வருடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மிதக்கும், பிறகு அமுங்கிவிடும். 2022 ஜூலையில் நாமக்கல் கூட்டத்தில் ஆ.ராசா, மாநில சுயாட்சியைக் கொடுங்கள், எங்களைத் தனி நாடு கேட்கும் நிலைக்குத் தள்ளாதீர்கள் என்ற பொருளில் பேசியபோது சேனல்களில் அனல் பறந்தது. ஒரு பக்கம் 'தேசத்துரோகம்', இன்னொரு பக்கம் 'கேட்டால்தான் என்ன?'. கேட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு.

அந்தக் கணக்கைப் போட அதிராம்பட்டினம் நல்ல இடம். காவிரிப் பாசனத்தின் கடைமடையில், பாக் நீரிணை ஓரமாக, ஏறக்குறைய எல்லாத் தெருவிலிருந்தும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஆள் போன ஊர். தண்ணீர், கடல், அயல்நாடு என்று தனி நாட்டுப் பேச்சின் மூன்று முடிச்சும் இங்கேயே இருக்கிறது.

"சிங்கப்பூர் பிரிஞ்சு போய் நல்லா இல்லையா காக்கா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டால் மறுத்துப் பேசுவது கஷ்டம். 1965 ஆகஸ்ட் 9-ம் தேதி மலேசியாவிலிருந்து வெளியேறிய சின்னத் தீவு இன்று எங்கே நிற்கிறது என்பதை அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. (அது கேட்டுப் பிரிந்த நாடு அல்ல, கிட்டத்தட்ட வெளியேற்றப்பட்ட நாடு என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.) ஆனால் அந்த சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் பாருங்கள். 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி, பக்கத்திலிருக்கும் ஜொகூர் மாநிலத்திலிருந்து தினமும் 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. 2061 வரை. பிரிவினை ஒப்பந்தத்திலேயே இதற்கு உத்தரவாதம் வாங்கி, ஐ.நா.விலும் பதிவு செய்து வைத்தார்கள். அப்படியும் விலை விஷயத்தில் மலேசியாவோடு உரசல் ஓயவில்லை. அதனால்தான் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தினார்கள், கடல்நீரைக் குடிநீராக்கினார்கள்.

இப்போது நம்ம ஊர் அளவுகோலுக்கு வருவோம். தினம் 25 கோடி கேலன் என்பது வருடத்துக்கு 15 டிஎம்சிக்கும் கொஞ்சம் குறைவு. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் 17 நாளில் முடிந்துவிடும் தண்ணீர். சிங்கப்பூர் என்ற நாடு தன் பக்கத்து நாட்டோடு அறுபது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பது இந்த அளவுக்காகத்தான். காவிரியில் தமிழ்நாட்டின் பங்காக 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 404.25 டிஎம்சி. அதில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விட வேண்டியது மட்டும் 177.25 டிஎம்சி. ஒரு நகரத்தைக் கடல்நீரைச் சுத்திகரித்துக் காப்பாற்றலாம். குறுவையையும் சம்பாவையும் முடியாது.

கல்லணைக் கால்வாய் 1934-ல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் நெல் விளைவது அந்தக் கால்வாயால்தான். அதன் கிளையான ராஜாமடம் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவருக்கு அரசியல் பாடம் யாரும் எடுக்க வேண்டாம். மேலே இருப்பவர் ஷட்டரை இறக்கினால் கீழே இருப்பவர் என்ன பாடுபடுவார் என்பது அவருக்கு ஒவ்வொரு வருடமும் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, முறையை மீறுகிறவனைக் கேட்க ஒரு லஸ்கர், அவருக்கு மேலே ஒரு பொறியாளர், அதற்கும் மேலே ஒரு கலெக்டர் இருக்கிறார்கள். எப்போதும் நியாயம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

மாநிலங்களுக்கு நடுவே அந்த இடம் உச்ச நீதிமன்றமும் 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையமும். நாடுகளுக்கு நடுவே? 1960-ல் கையெழுத்தான சிந்து நதி ஒப்பந்தம் மூன்று போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. காரணம் சரியா தவறா என்பது வேறு விவாதம். கீழே இருக்கும் நாட்டின் விவசாயி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும், மேலே இருக்கும் நாடு அந்தத் தீர்ப்பை ஏற்காமல் இருக்க முடியும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தனித் தமிழ்நாட்டில் டெல்டா விவசாயி நிற்கப்போவது அந்த இடத்தில்தான். ஏனென்றால் காவிரி குடகில் பிறக்கிறது. எல்லைக்கோடு போட்டாலும் அங்கேதான் பிறக்கும்.

இதைச் சொன்னதும் 'அப்ப இருக்கிறதே போதும்னு சொல்றீங்களா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2018 பிப்ரவரி 16-ல் தீர்ப்பு வந்தபோது ஆறு வாரத்தில் செயல்திட்டம் அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஒன்றிய அரசு கெடு முடிகிற நேரத்தில் விளக்கம் கேட்டு மனு போட்டது. மே மாதம் கர்நாடகத் தேர்தல் முடிந்தது. ஜூனில் ஆணையம் வந்தது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிற எந்த டெல்டாக்காரருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிரைப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. ஒரு தென்னை முழுக் காய்ப்புக்கு வரப் பல வருடம் ஆகும், மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த வருமானம் அது. மாநில அரசு ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்டது. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து அனுமதிக்கப்பட்டது 1,146 கோடி. கேட்டது கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், இந்த இடைவெளியை எந்த அளவுகோலில் முடிவு செய்தார்கள் என்பது தோப்பு இழந்தவருக்குத் தெரியவே இல்லை. வரிப் பகிர்வும் அப்படித்தான். ஒன்பதாவது நிதிக்குழுவில் 7.931 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 சதவீதம். 'நம்ம காசு எங்க போகுது?' என்று ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் கேட்பது இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கோபம் உண்மை. மருந்து அதுதானா என்பதுதான் பிரச்சினை.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தம் தமிழ்நாட்டின் சம்மதம் இல்லாமல் போடப்பட்டது, சட்டமன்றம் எதிர்த்தும் பலனில்லை. சரி, நாளைக்கே தனி நாடு என்றால் தீவு திரும்பி வருமா? வராது. எல்லை ஒப்பந்தங்கள் புதிதாகப் பிறக்கும் நாட்டையும் கட்டுப்படுத்தும் என்பது சர்வதேசச் சட்டத்தில் நிலைபெற்ற விதி. அதைவிட முக்கியமான ஒன்று: மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கமிருந்து போகும் விசைப்படகுகள் மீது எதிர்க்கரையில் புகார் சொல்கிறவர்களும் தமிழர்கள்தான், வலை அறுபட்ட வடமாகாண மீனவர்கள். இழுவை மடி மீன்பிடிப்பை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்தது. தமிழரும் தமிழரும் மீனுக்காக மோதும் இடத்தில் தனிக்கொடி எதைத் தீர்க்கும்? அதிரையின் நாட்டுப்படகுக்காரர்களைக் கேட்டால், அவர்களுடைய முதல் புகாரே விசைப்படகுகள் மேல்தான் இருக்கும்.

அந்த எதிர்க்கரை இன்னொன்றையும் சொல்கிறது. ஈழத்தில் தனி நாட்டுக் கோரிக்கை முதலில் வரவில்லை. செல்வநாயகம் 1949-ல் ஆரம்பித்தது கூட்டாட்சி கேட்ட கட்சி. 1957-ல் பண்டாரநாயக்காவோடு போட்ட ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழித்தெறியப்பட்டது. 1972 அரசியலமைப்பு ஒற்றையாட்சியை எழுதி வைத்தது. அதன் பிறகுதான் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம். பின்னால் வந்த போரும் 2009 மே மாதமும் எல்லாருக்கும் தெரியும். 'பிரிவினைவாதிகள்' என்று இங்கே யாரையாவது முத்திரை குத்தக் கிளம்புகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை படிக்கலாம்.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது தற்செயல் இல்லை. 1962-ல் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசிய அண்ணா, 1963-ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். சீனப் போர், பிரிவினைக் கோரிக்கையோடு தேர்தலில் நிற்க முடியாமல் செய்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் என்று காரணங்கள் உண்டு. அவை இல்லாவிட்டாலும் திராவிட நாட்டுக்கு ஆந்திரத்திலோ கர்நாடகத்திலோ கேரளத்திலோ ஆள் சேரவில்லை. கைவிட்ட நான்கே வருடத்தில் திமுக ஆட்சிக்கு வந்தது. இருமொழிக் கொள்கை, 'தமிழ்நாடு' என்ற பெயர், 1969-ல் ராஜமன்னார் குழு என்று அடுத்தடுத்து நடந்தவை எல்லாம் கோட்டையில் உட்கார்ந்து செய்தவை.

டெல்டாவே சமீபத்திய சாட்சி. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டங்களின் பலனாக 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 மார்ச் இறுதியில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி உள்ளிட்ட நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தது ஒன்றிய அரசு. கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்குத் தனிக்கொடி தேவைப்படவில்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் கத்தித்தான் வாங்க வேண்டும் என்றால், அது உரிமை இல்லை, தயவு. அடுத்த பெரிய பரீட்சை தொகுதி மறுவரையறை. 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த குற்றத்துக்காக அந்த விகிதம் குறைந்தால், ஒன்றியத்துக்குள் இருந்தே சாதிக்கலாம் என்ற வாதத்தின் அடியிலேயே விரிசல் விழும். மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு குழு அறிவித்தது. தனி நாடு பற்றி ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் அந்தக் குழுவின் முன்னால் வைக்க வேண்டிய கேள்விகள் கண்ணெதிரே கிடக்கின்றன: பேரிடர் நிதிக்கு யாரும் மாற்ற முடியாத சூத்திரம் எழுதப்படுமா? ஒரு மாநிலத்தின் கடலையோ நிலத்தையோ தொடும் ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமாகுமா? காவிரி ஆணையத்தின் உத்தரவை மீறினால், அடுத்த தேர்தலைப் பார்க்காமல், என்ன தண்டனை?