சாவி யார் சட்டைப்பையில்?

"பழைய இரும்புக்குப் போட்டா நாப்பதாயிரம் தேறும்" என்றான் தம்பி. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. தொழுவத்தில் பத்து வருடமாக ஓடாமல் நின்ற மேசி டிராக்டரைப் பற்றித்தான் பேச்சு.

"அது எனக்கு வேணும்" என்றேன்.

"ஒனக்கு என்னத்துக்குக்கா?" என்று சிரித்தான். வீடே சிரித்தது. அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை நான் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். ஆனால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு பெண் எதைக் கேட்டால் சண்டை, எதைக் கேட்டால் சிரிப்பு என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், கார், பிசானம் என்று இரண்டு பூவும் நெல். அந்த மேசி 1035-ஐ அப்பா 1986-ல் வங்கிக் கடனில் வாங்கினார். மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். அப்போது எனக்குப் பதினைந்து வயது, தம்பிக்குப் பத்து. அவன் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்தான். நான் மட்கார்டில் உட்கார்ந்து சோற்றுத் தூக்குவாளியைப் பிடித்தேன். வண்டி நிற்கும்வரை என் இடம் மட்கார்டுதான்.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வெப்ப இயந்திரம் பாடத்தை இருபத்திரண்டு வருடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எத்தனையோ பிஸ்டன்கள் வரைந்திருக்கிறேன். ஒரு பிஸ்டனை முதல்முதலாகக் கையால் தொட்டபோது எனக்கு வயது ஐம்பத்தொன்று.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் வந்தா வெவரம் சொல்லிருவேன் டீச்சர்" என்றார். "வெவரத்தை என்கிட்டயே சொல்லுங்க அண்ணாச்சி, நாந்தான் வேலை பார்க்கப் போறேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சைக்கிள் கேரியரிலிருந்து ஸ்பானர் பையை எடுத்து என் காலடியில் வைத்தார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, மூன்று சிலிண்டரிலும் டீசல் ஊற்றி எட்டு நாள் ஊறவிட்டோம். ஒன்பதாம் நாள் ஃப்ளைவீலைக் கம்பி கொடுத்து நெம்பியபோது ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஹெட்டை இறக்கினோம். லைனர்கள் துருவேறிக் கிடந்தன. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. கிராங்கைத் திருநெல்வேலியில் ஒரு லேத் பட்டறைக்குக் கடைசலுக்கு அனுப்பினோம். டேப்பெட் இடைவெளியைத் தகடு வைத்துப் பார்க்க நானே கற்றுக்கொண்டேன். சனி ஞாயிறாகப் பதினான்கு மாதம் ஆனது. பின் டயர் இரண்டும் சேர்த்து 1,68,000 ரூபாய் செலவு. நோட்டில் கணக்கு இருக்கிறது.

டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் வண்டி கிளம்பாது. அதை 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வந்து நின்றாள். "ஏட்டி, பொம்பளை ஏர் புடிக்கக் கூடாது. மழை பேயாது" என்றாள்.

"நான் ஏர் புடிக்கலை ஆச்சி. புடிச்ச ஏரை எடுக்கேன்."

ஆச்சியைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் சொன்னது மிகப் பழைய சட்டம். பெண் ஏரைத் தொடக் கூடாது என்ற விலக்கு இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. நிலத்தைப் பெண் பெயருக்கு எழுதினாலும், உழுவதற்கு அவள் ஓர் ஆணை எதிர்பார்த்தே நிற்க வேண்டும் என்பதுதான் அந்த விலக்கின் பலன் என்று பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1994-லேயே எழுதினார். அதற்கும் முன்னால், 1970-ல், எஸ்தர் போசரப் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர், ஏர் வந்த இடங்களில் விவசாயம் ஆணின் கைக்குப் போனதை விளக்கியிருக்கிறார்.

இப்போது எங்கள் ஊரில் ஏரும் இல்லை, மாடும் இல்லை. விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. கலப்பையிலிருந்து இறங்கி டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

யோசித்துப் பாருங்கள். உழவு ஆண்கள் வேலை. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு பெரும்பாலும் பெண்கள் வேலை. உழவுக்கு டிராக்டர் வந்தபோது மாட்டின் பின்னால் நடந்த ஆண் இருக்கைக்கு ஏறினான். அறுப்புக்குப் பெல்ட் வண்டி வந்தபோது அரிவாள் பிடித்த பெண் இருக்கைக்கு ஏறினாளா? இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறோர் ஆண் வந்து ஏறினான். நடவு இயந்திரத்திலும் அதே கதை. இயந்திரம் பெண்களின் வேலையைப் பறித்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஓட்டுகிறவருக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கூலி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

இதில் என் வீட்டுக்கும் பங்குண்டு. பெல்ட் வண்டியை எங்கள் வயலுக்குக் கூப்பிட்டது அப்பாதான். அதுவரை எங்களுக்கு அறுத்துக் கொடுத்த காலனிப் பெண்கள், வண்டி திரும்ப முடியாத வரப்போரத்து நெல்லை அறுக்க மட்டும் அதன்பிறகு வந்தார்கள். நான் நிலமுள்ள வீட்டுப் பெண். தம்பி எனக்குத் தராத சாவியும், அவர்கள் இழந்த நெல்கூலியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் பூட்டிவைத்திருப்பது ஒரே பூட்டுத்தான்.

"பொம்பளைக்கு அவ்வளவு வலு ஏது?" என்பார்கள். எஞ்சினை அண்ணாச்சியும் கையால் தூக்கவில்லை. செயின் பிளாக்தான் தூக்கியது. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடுகிற முதுகுக்கு இல்லாத வலுவா, உட்கார்ந்து ஓட்டுகிற முதுகுக்கு வேண்டும்? கிளட்ச்சை முழுதாக அமுக்க நான் இருக்கையின் நுனிக்கு வர வேண்டியிருக்கிறது, உண்மைதான். ஆணின் காலை அளந்து செய்த வண்டி அது. என் காலில் குறையில்லை.

"பெண்கள் இன்று எவ்வளவோ சாதிக்கிறார்களே" என்பவர்களும் உண்டு. ஆமாம். மேசி டிராக்டரை இங்கே 1960 முதல் நடந்துவரும் டஃபே நிறுவனம்தான் தயாரித்தது. அதைப் பல்லாண்டுகளாக வழிநடத்துபவர் மல்லிகா சீனிவாசன், 2014-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய தாத்தா அனந்தராமகிருஷ்ணன் எங்கள் பக்கத்து ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவர். ஆக, ஒரு பெண் டிராக்டர் கம்பெனியையே நடத்தலாம். அவர் கம்பெனி வண்டியை வயலில் இறக்க இன்னொரு பெண் மட்டும் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். உச்சியில் ஒருவர் இருப்பதால் மட்டும் அடியில் பூட்டுத் திறந்துவிடாது.

அரசு திறக்கிறதா? வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15-ல் வந்தது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகளுக்கும், சிறு குறு விவசாயிகளுக்கும் 50 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 40. நல்ல ஏற்பாடுதான். அதன்பிறகு எங்கள் பக்கத்தில் நான் கண்டது என்ன? விண்ணப்பத்தில் மனைவி பெயர், ஆர்.சி. புத்தகத்தில் மனைவி பெயர், சாவி கணவரின் சட்டைப்பையில். பெயரை இரவல் கொடுப்பதற்குப் பெயர் அதிகாரமா? மானியம் யார் பெயரிலோ, ஓட்டுநர் பயிற்சியும் பழுது பார்க்கும் பயிற்சியும் அவருக்கே கொடுங்கள். அறுவடை இயந்திரம் வாங்க உதவும்போது, அதனால் வேலை இழக்கப்போகிற பெண்களில் இருவரையாவது அதை ஓட்டப் பழக்குங்கள். இதைக் கேட்கக்கூட நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நிலத்தைக் கேட்க எத்தனை காலம் ஆனது? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929-ல் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் சட்டம் 1989-ல் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நடக்கும் நிலக் கைப்பற்றுகளில் பெண்களுடையவை சுமார் 14 சதவீதம்தான். சட்டத்துக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே ஒரு காகிதம் கிடக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு நம் மொழி கண்டுபிடித்த பெயர் அது. யாருக்கு விடுதலை?

எனக்கும் அந்தக் காகிதம் வந்தது. வண்டி முதல்முறை உறுமிக் கரும்புகை கக்கிய வாரம் அது. ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தம்பி சொன்னான்: "டிராக்டரை நீயே வச்சுக்கோக்கா. வயலுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுரு."

பழைய இரும்பு என்று அவன் சிரித்த வண்டிக்கு, நான் ஓட வைத்ததும் தாத்தா வழி வயலில் என் பங்கின் விலை வந்துவிட்டது! "டிராக்டரும் வேணும், பங்கும் வேணும்" என்றேன். எட்டு மாதமாக அவன் என்னோடு பேசுவதில்லை. என் கல்யாணம் 1996-ல் நடந்தது. என் உரிமைக்கான சட்டம் அதற்கு ஏழு வருடம் முன்பே வந்துவிட்டது. அவன் கோபத்துக்கு நான் என்ன செய்ய?

பிசானத்துக்குத் தொளி அடிக்க வண்டியை இறக்கிய அன்று பையன்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். "ஆம்பளை மாதிரி ஓட்டுதீங்களே டீச்சர்" என்றான் ஒருவன். அவன் பாராட்டியதாகத்தான் நினைத்தான். ஐம்பது வயது ஆண் பழைய புல்லட்டைத் தட்டிச் சரிசெய்தால் அது ஆசை. பெண் செய்தால் ஒன்று கிறுக்கு, இல்லையென்றால் சாதனை. எனக்கு இரண்டும் வேண்டாம். எனக்கும் அது ஆசைதான். துருவைச் சுரண்டி அடியில் சிவப்புப் பெயின்ட்டைப் பார்க்கிற ஆசை. அதற்கு நான் ஏன் காரணம் சொல்ல வேண்டும்?

தோழிகளே, உங்கள் வீட்டில் மோட்டார் ரூம் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது? ஸ்பானர் பெட்டி யார் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது? எழுந்து போய்ப் பாருங்கள். அப்பா மகனுக்குக் கொடுக்கிற சொத்தில் நிலத்தைப் போலவே இந்தக் கைவேலையும் ஒன்று. அது எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை, அதனால் வழக்குப் போடவும் முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். தராவிட்டால், தருகிற ஓர் அண்ணாச்சியைத் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாளை யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், முதலில் சாவியைக் கேளுங்கள். சாவி கைக்கு வந்த பிறகும் கையெழுத்துப் போடாதீர்கள்.