‘ஆடு மாடு உண்டா?’ என்று ஒரு கேள்வி

போன வாரம் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் போன் போட்டான். "அண்ணே, வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்திருக்கு. ஒட்டகத்து மேல இருக்கிற உண்ணி கடிச்சு ரத்தக்கசிவுக் காய்ச்சல் வருதாம். ஆடு, மாட்டுலயும் இருக்காம். நம்ம வயல்ல கிடை போட்டிருக்கீங்களே, பாத்து இருங்க. கறி எடுக்கலாமா, வேண்டாமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. டவுனில் இருக்கிறவனுக்கு ஆடு என்றால் கறிக்கடைதான். ஆனால் மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனால் அதே செய்தி அங்கே வேறு உருவத்தில் உட்கார்ந்திருந்தது. "ராமநாதபுரத்து ஆட்டை இனிமே ஊருக்குள்ள விடக்கூடாதுவே. எந்தச் சீக்கைக் கொண்டு வாரானுவளோ" என்றார் ஒரு பெரியவர். கிடைக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை. அதன் பெயர் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். 1944இல் கிரிமியாவில் சிப்பாய்களுக்கு வந்தது, 1956இல் காங்கோவில் வந்தது, இரண்டும் ஒரே வைரஸ் என்று பிறகு தெரிந்தது. அதனால் இந்த இரட்டைப் பெயர். ஹயலோமா என்கிற உண்ணி வகைதான் முக்கியமாக இதைச் சுமக்கிறது. உண்ணி கடித்தும் வரும், உண்ணியை வெறுங்கையால் நசுக்கியும் வரும், நோய்க்கிருமி உள்ள கால்நடையை அறுக்கும்போது அதன் ரத்தம் பட்டும் வரும். நோய் வந்தவர்களில் 100க்கு 10 முதல் 40 பேர் வரை இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதில் ஒட்டகம் எங்கே வந்தது? ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் ஒட்டக மந்தைகளைச் சோதித்த இடங்களில் இந்த வைரஸ் வந்துபோன தடயம் ஒட்டகத்தின் ரத்தத்தில் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒட்டகம் படுக்கவில்லை, மேய்ச்சலை விடவில்லை, சாகவில்லை. மாடும் அப்படித்தான், ஆடும் அப்படித்தான். ஒரு வாரம் போல ரத்தத்தில் வைரஸ் இருக்கும், பிறகு போய்விடும். மேய்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்கணும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணியால் வரும் இன்னொரு வைரஸ் காய்ச்சல் இருக்கிறது. கியாசனூர் காட்டு நோய், பேச்சில் குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கண்டுபிடித்தார்கள். 2012க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என்று தெற்கிலும் தென்பட்டது. அந்த நோயில் குரங்கு செத்து விழும். காட்டில் குரங்கு செத்துக் கிடக்கிறது என்றால் வனத்துறையும் சுகாதாரத்துறையும் உஷாராகிவிடும். கிரிமியன்-காங்கோவில் அந்த எச்சரிக்கை மணியே கிடையாது. முதலில் படுக்கிறவன் மனுஷன்தான். அதுவும் யார்? மேய்க்கிறவன், பால் கறக்கிறவள், கறி வெட்டுகிறவன். அப்புறம் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள்.

2011 ஜனவரியில் குஜராத்தில் அதுதான் நடந்தது. அகமதாபாத் மாவட்டம் கோலாட் கிராமத்துப் பெண் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் நர்சும் அடுத்தடுத்து இறந்தார்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனம் சோதித்த பிறகுதான் இன்ன நோய் என்று தெரிந்தது. இந்தியாவில் மனிதரிடம் இந்த நோய் உறுதியானது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த ஊர் ஆடு மாடுகளைச் சோதித்தால் அவற்றிலும் தடயம். 2019இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மறுபடி உயிர்ப்பலி.

'அது வடக்கே, நமக்கென்ன?' என்று கேட்கலாம். மனிதரிடம் நோய் கண்டது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், உண்மை. ஆனால் 2013-14இல் 22 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் கால்நடைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது பரவலாகத் தடயம் கிடைத்தது. பாலைவனத்து ஒட்டகத்தோடு நிற்கிற விஷயம் இல்லை இது. பயப்படச் சொல்லவில்லை. கவனிக்கச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் வயலுக்கு வாருங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் அறுத்து வைக்கோலும் கட்டி முடிந்ததும் கிடை வரும். செம்மறி ஆடுகளை ராத்திரி வயலில் அடைப்பார்கள். இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அடுத்த வயல். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் அடுத்த கார் பயிரில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். யூரியா மூட்டைக்குக் கியூவில் நிற்கிற காலத்தில் இது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. கிடைக்காரர் கூலி வாங்குகிறார், சரி. ஆனால் ராத்திரி பூரா பனியில் படுத்து, நாயையும் நரியையும் விரட்டி, குட்டிகளைப் பஞ்சாரத்தில் மூடி, சொந்த ஊரை வருஷத்தில் பாதி நாள் பார்க்காமல் இருக்கிறவர் அவர்.

அவருடைய உள்ளங்கையைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே ஆட்டின் காது மடலிலிருந்து உண்ணியைப் பிடுங்குவார், நகத்தால் ஒரு நசுக்கு, வேட்டியில் துடைத்துவிட்டு வெற்றிலை போடுவார். அவரை மட்டும் ஏன் சொல்கிறேன்? நானும் எங்க வீட்டு மாட்டுக்கு 40 வருஷமாக அதையேதான் செய்தேன். உண்ணிக்கொக்கு அலகால் செய்கிற வேலையை நாங்கள் நகத்தால் செய்தோம். அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வயலில் கிடை போட்ட ஒருவருக்குக் கடும் காய்ச்சல். நான்தான் பைக்கில் வைத்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டெங்குவா என்று ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா கேட்டார்: "ஐயா என்ன வேலை பாக்கிறீங்க? ஆடு மாடு உண்டா?" கேட்டுவிட்டு உடம்பு முழுக்கத் தேடினார். அக்குள் பக்கம் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்கரப் டைபஸ். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார், இரண்டு நாளில் மனுஷன் எழுந்து உட்கார்ந்தார்.

பத்திரிகைகளில் அதையும் 'உண்ணிக் காய்ச்சல்' என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி, மாட்டு உண்ணி இல்லை. அது பாக்டீரியா, மருந்துக்குக் கேட்கும். கிரிமியன்-காங்கோ வைரஸ், அந்த மருந்து அதற்குக் கேட்காது. ஆரம்பத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்: திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி, வாந்தி, தட்டணுக்கள் குறைவது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வைப்பது அந்த ஒரு கேள்விதான். அதற்குச் செலவு கிடையாது, மிஷின் தேவையில்லை.

என் கோரிக்கை பெரிதில்லை. காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொரு கிராமத்து ஆளிடமும் 'ஆடு மாடு உண்டா, உண்ணி கடிச்சுதா, கறி வெட்டினீங்களா' என்று கேட்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே வழக்கமாக்கணும். கோமாரிக்கு ஊசி போட எங்கள் ஊருக்கு முகாம் வருகிறது, உண்ணிக்கு வருவதில்லை. அறுவடை முடிந்து கிடை இறங்குகிற மாதங்களில் ஒரு நாள் வந்து மருந்து தெளித்து, கொஞ்சம் ரத்தமும் உண்ணியும் சேகரித்துப் போகலாம். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. ஆளும் வண்டியும் இருக்கிறது. ஊர் ஊராகப் போகிற மந்தையை யார் கணக்கில் வைப்பது என்பதுதான் சிக்கல்.

டீக்கடைப் பெரியவருக்கும் ஒன்று சொல்கிறேன். கிடையை விரட்டினால் உண்ணி போகாது. அது நம்ம தொழுவத்துச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறது. விரட்டப்பட்ட கிடைக்காரர் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லமாட்டார், மறைப்பார். மறைக்கிற நோய்தான் பரவும். முதலில் கடி வாங்குகிறவரை முதல் குற்றவாளியாக்கினால் நமக்குத்தான் நஷ்டம்.

தம்பிக்கும் பதில் சொல்லிவிட்டேன். நன்றாக வெந்த கறியால் இது வராது, காய்ச்சிய பாலாலும் வராது. பொங்கலுக்கு வரும்போது பிள்ளைகள் மாட்டைத் தடவட்டும். உண்ணியைப் பிடுங்கி விளையாட மட்டும் விடாதே. நம் வீட்டில் இப்போது ஒரு சாமணமும் ரப்பர் கையுறையும் மண்ணெண்ணெய் டப்பாவும் தொழுவத்து ஆணியில் தொங்குகிறது. பிடுங்கியதை நசுக்காமல் டப்பாவில் போடுகிறோம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம்.

கிடைக்காரருக்கும் அதே மாதிரி ஒரு சாமணம் வாங்கிக் கொடுத்தேன். "இதெல்லாம் நமக்கு எதுக்குண்ணே" என்று சிரித்தார். டீக்கடையில் நடந்ததற்கு வருத்தப்படுகிறேன் என்றேன். "விடுங்கண்ணே, இதெல்லாம் பழகிப்போச்சு" என்றார். திங்கட்கிழமை அவர் மந்தை அடுத்த வயலுக்கு நகர்கிறது. எங்கள் தெற்கு வயல் இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்கிறேன்.