கொடையும் முதலீடும்

1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் சுடப்பட்டது எவர் இல்லத்தில்? கோடீசுவரர் கன்ஷியாம்தாஸ் பிர்லாவின் தில்லி மாளிகையில். அந்த விருந்தோம்பல் ஒரு நாளில் தோன்றியதன்று. காந்தியடிகளின் பணிகளுக்குப் பல்லாண்டு வாரி வழங்கியவர் பிர்லா. 1932இல் தோன்றிய அரிசன சேவா சங்கத்தின் தலைவரும் அவரே. செல்வர் ஏழைகளின் தர்மகர்த்தாக்கள் என்ற கொள்கை எந்த ஆலை முதலாளியின் உறக்கத்தையும் கெடுக்கவில்லை. 1944இல் பிர்லாவும் டாட்டாவும் பிறரும் பம்பாய்த் திட்டத்தை வெளியிட்டு, விடுதலை பெறவிருந்த இந்தியாவின் பொருளாதாரத்துக்கு முன்கூட்டியே வழி வகுத்தனர்.

கொடுத்தவர் நெஞ்சில் அன்பும் இருந்திருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காங்கிரசின் வரலாற்றைத் தியாகிகளின் பட்டியலாக மட்டும் கற்பிப்பது பாதி உண்மையே. அதன் கணக்கேட்டையும் மாணவர் புரட்டவேண்டும். எவர் பணத்தில் ஒரு கட்சி நடக்கிறதோ, அவர் பொறுமையின் எல்லையே அதன் கொள்கையின் எல்லையுமாகும்.