மிளகாய் மருந்தாகலாம், மௌனம் மருந்தாகாது

குளிர்காலம் தொடங்கியதும் எம்மவர் வீடுகளில் முழங்கால் உளைவும் இடுப்பு வலியும் குடிபுகுந்துவிடுகின்றன. உணவகச் சமையலறைகளில் நாள் முழுவதும் நின்று உழைப்போர் அதனை வைத்தியரிடம் சொல்வதில்லை. சிலருக்கு மொழி தடை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதோருக்கு அச்சம் தடை. ஆகவே செத்தல் மிளகாயை அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் பூசிக்கொள்வோரும் எம்மிடையே உளர்.

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிடவில்லை. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலையே தட்டுகிறது. 1997 இல் அவ்வாயிலைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மீண்டும் மீண்டும் தட்டப்படும் நரம்பு நுனி ஓய்ந்து, வலிச் செய்தியை அனுப்புவதைக் குறைக்கிறது. முழங்கால் மூட்டுத் தேய்விலும், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் எரிவிலும் பலர் இதனால் ஆறுதல் பெற்றுள்ளனர். எல்லோருக்கும் அது கிட்டுவதில்லை.

ஆனால், மருந்தை மருந்தாக்குவது அளவு. மருந்துக்கடைக் களிம்பில் கப்சைசின் 0.025 அல்லது 0.075 வீதமே உண்டு. அதனை நாளுக்கு மூன்று நான்கு தடவை, சில வாரங்கள் விடாது பூசினாலே பலன் தெரியும். 8 வீதம் கொண்ட ஒட்டுத்துணியைப் பயிற்சி பெற்றோரே ஒட்டுவர். பாதத்தில் 30 நிமிடம், பிற இடங்களில் 60 நிமிடம். அம்மியில் அரைத்த மிளகாய்க்கு இத்தகைய அளவு ஏது? தோல் வெந்துபோகும், கழுவாத கை கண்ணைப் பதம் பார்க்கும். காயத்தின்மீது பூசுவதும், பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கூடவே கூடாது.

நீரிழிவு உள்ளோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். உணர்ச்சி மங்கிய பாதம் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. சிறு புண்ணே காலைப் பறிக்கக்கூடும்.

வலி என்பது உடல் எழுதும் கடிதம். அதனைப் படிக்காமல் மிளகாய் பூசி மறைப்பது அறிவுடைமையன்று. மொழி தெரியாவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? வலிக்கிறது என்று சொல்வது குற்றமுமன்று. முதலில் வைத்தியரிடம் வாய் திறப்போம். களிம்பு வேண்டுமா என்பதை அதன் பின்னர் அவரோடு சேர்ந்தே முடிவு செய்வோம்.